கனக்க வேண்டிய கல்

வாஷ்பேசினில் புள்ளி விழுந்ததால் வந்த வினை அது.

குவாரியிலிருந்து போகும் வெள்ளைக்கல்லைப் பொடியாக்கி, களிமண்ணோடு குழைத்துப் பீங்கான் சாமான் செய்கிற தொழிற்சாலை ஒன்று, அரைநாள் லாரிப் பயணத் தொலைவில் இருந்தது. ஒரு நாள் சூளையைத் திறந்தால், உள்ளே இருந்த பேசின்கள் எல்லாவற்றிலும் குண்டூசி முனை அளவுக்கு மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளிகள். அடுத்த சூளையிலும் அதே கதை. தொழிற்சாலைக்காரர்கள் கடிதம் எழுதினார்கள். கடிதத்தோடு ஒரு பேசினை உடைத்து, அந்தத் துண்டையும் அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். குவாரி மேனேஜர் துண்டைத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம், பிடுங்கிய பல்லைக் காட்டும் பல் டாக்டரைப் போலக் காட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளைக்கல்லுக்கு ஜென்மப் பகை இரும்பு. கல்லில் கொஞ்சம் துரு ஒட்டியிருந்தால் போதும், சூளையில் வெந்ததும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகத்தான் குவாரியில் பெல்ட் என்று ஒன்று இருந்தது. கிரஷரில் உடைந்து, தண்ணீரில் குளித்து, கைப்பிடி அளவுக் கல்லாக ரப்பர் பட்டையில் ஊர்ந்து வரும். இரண்டு பக்கமும் பதினோரு பெண்கள் உட்கார்ந்து, துருக்கறை பட்டதையும் காக்காப்பொன் ஒட்டியதையும் பொறுக்கிப் பின்னால் இருக்கும் சரிவில் எறிவார்கள். பதினெட்டு வருடமாக அந்த வேலை செய்கிறவள்தான் அவர்களுக்குத் தலைவி. அவளைத் 'தராசு' என்று கூப்பிடுவார்கள். கையில் எடுத்த கல்லை ஒருமுறை தூக்கிப் பிடித்தாலே அது என்ன கல் என்று சொல்லிவிடுவாள் என்பதால் வந்த பெயர். கண்ணைக் கட்டிவிட்டு மூன்று கல்லைக் கொடுத்து சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. மூன்றையும் சொன்னதோடு, "நாலாவதா உன் விரலையும் சேத்துக் குடுத்திருக்கே, எடு" என்றாளாம்.

குவாரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவள் தராசின் நாத்தனார். புருஷனுடைய ஒரே தங்கை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரசாயனம் படித்தவள். எதையும் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றுகிறவள், பேச்சையும் அப்படியே. தொழிற்சாலைக் கடிதம் வந்த அன்று, மேனேஜர் பதினோரு மணிக்குள் காரணம் வேண்டும் என்றார். கல்பொடியை அமிலத்தில் கரைத்து, ஒரு மருந்தை விட்டால், இரும்பு இருந்தால் சிவக்கும். சிவந்தது, அல்லது சிவப்புக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு நிறம் வந்தது. அவள் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். 'புள்ளிகளுக்குக் காரணம் இரும்புக்கறை. பெல்ட்டில் கல் பொறுக்குவதில் கவனம் போதவில்லை.'

முதல் வரியால் யாருக்கும் தொல்லை இல்லை. இரண்டாவது வரியை மேனேஜர் அடிக்கோடிட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். மறுநாள் பெண்கள் வேலைக்கு வந்தபோது பெல்ட் ஓரத்தில் இருந்த பதினோரு ஸ்டூல்களையும் காணோம். உட்கார்ந்தால் கண் சோம்பிவிடும், இனி நின்றுகொண்டுதான் பொறுக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்பதுதான் இதில் விசேஷம். கீழே தராசும் அவள் கணவரும், மாடியில் நாத்தனார். படிக்கட்டு ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, துணி காயப்போடும் கொடி ஒன்று. பதினைந்து வருடத்தில் இரண்டு பெண்களுக்கும் இடையே பெரிதாக ஒன்றும் வந்ததில்லை. ஸ்டூல் போன அன்று மாலை நாத்தனார் படியேறும்போது, கால் வீங்கிப்போய் வாளியில் பாதத்தை நனைத்துக்கொண்டிருந்த தராசு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"வாங்க மேடம்."

அவ்வளவுதான். அதுவரை 'நீ, வா, போ' என்றிருந்தவள் அன்றிலிருந்து மேடத்தை விடவில்லை. 'மேடம் தண்ணி பிடிச்சிட்டாங்களா', 'மேடம் துணி காஞ்சிருச்சு.' திட்டியிருந்தால்கூட நாத்தனார் பதில் சொல்லியிருப்பாள். மரியாதைக்கு என்ன பதில் சொல்வது.

நடுவில் மாட்டிக்கொண்டவர் அண்ணன்காரர். டிப்பர் லாரி ஓட்டுகிறவர், சாது. கீழே மனைவியோடு சாப்பிடுவார், பிறகு மாடிக்குப் போய்த் தங்கை மனம் கோணக் கூடாதே என்று அங்கேயும் இரண்டு வாய் சாப்பிடுவார். மூன்று வாரத்தில் இடுப்பு பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட வேண்டியதாயிற்று. "சண்டை உங்களுக்கு, தொப்பை எனக்கா" என்று கேட்டுப் பார்த்தார். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

தராசுக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். நாங்கள் விட்டிருந்தால் எதை விட்டோம் என்பதுதான் அவள் கேள்வி. துருக்கல் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அதனால் பொறுக்கி எறிந்ததை மட்டுமல்லாமல், நல்லது என்று விட்டதையும் கவனிக்கத் தொடங்கினாள். வெள்ளைக்கல்லிலேயே சிலது இளமஞ்சளாகப் பிறக்கும், அதில் குற்றமில்லை என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். அப்படி வந்த ஒன்றை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்தாள். எலுமிச்சை அளவுதான். எடுத்த கை எதிர்பார்த்ததை விடக் கீழே போனது.

மறுபடி தூக்கினாள். பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். அவளுக்கு வாய் கொஞ்சம் கூர்மை என்பதால் 'ஊசி' என்று பெயர்.

"என்னடி இது, கல்லுக்குள்ள கல்லு முழுகாம இருக்கா?" என்றாள் ஊசி.

மதிய இடைவேளையில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். கல் இரண்டாகப் பிளந்தது. நடுவில் வெள்ளியில் ரோஜா நிறம் கலந்தாற்போல் பளபளவென்று ஒரு பட்டாணி அளவு உலோகம். அதைச் சுற்றிச் சாம்பலும் பச்சையுமாக ஒரு தோல். அதற்கும் வெளியே மஞ்சள் பொடி அப்பியிருந்தது, விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டது. மஞ்சளுக்குள் ஓரிடத்தில் மணல் அளவுக்குப் பழுப்பாக ஏதோ மினுங்கியது. இந்த மஞ்சளைத்தான் பெல்ட்டில் ஈரத்தோடு பார்க்கும்போது யாரும் கண்டுகொள்ளவில்லை.

அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு தராசு பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். பதினெட்டு வருடத்தில் அந்த அறைக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஒரு ஜன்னல், ஒரு நீளமான கல்மேசை, குழாய், கண்ணாடிக் குடுவைகள். மேசையில் நாத்தனார் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒரு கல் இருக்கு. பாக்க முடியுமா?"

"அங்க வைங்க அண்ணி." தலை நிமிரவில்லை.

"வெச்சிட்டுப் போனா குப்பைக்குப் போயிரும். கையில வாங்கிப் பாருங்க."

நாத்தனார் கையை நீட்டினாள். கல் விழுந்ததும் கை தானாகத் தாழ்ந்தது. அதன்பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"இரும்புக்கல்லும் கனக்கும்" என்றாள் மெதுவாக.

"கனக்கும். நான் தினமும் அதைத்தானே தூக்கி எறியறேன். அது இப்படிக் கனக்காது."

நாத்தனார் வாதாடவில்லை. ஒரு பாதியை நூலில் கட்டி மேசைத் தராசில் எடை பார்த்தாள். அதையே தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி பார்த்தாள். கணக்குப் போட்டாள். வெள்ளைக்கல் தண்ணீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்றே மேல் கனக்கும், துருக்கல் நாலு மடங்கை ஒட்டி நிற்கும். இது ஐந்தேமுக்காலுக்கு வந்தது. பென்சிலை வைத்துவிட்டுக் கணக்கை இன்னொரு தடவை போட்டாள். அதே ஐந்தேமுக்கால்.

மஞ்சள் பொடியைச் சுரண்டி அமிலத்தில் கரைத்து இரும்புக்கான மருந்தை விட்டாள். சிவக்கவில்லை. ஆரஞ்சு கலந்த மஞ்சளாக நின்றது. அவள் அந்தக் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்ததைத் தராசு கவனித்தாள். பிறகு அந்தப் பழுப்பு மினுக்கலில் ஒரு துணுக்கை எடுத்து, வேறு அமிலத்தில் போட்டுச் சூடாக்கினாள். கரைசல் கருஞ்சிவப்பானது. அறையில் ஒரு நெடி எழுந்தது.

"பிளீச்சிங் பவுடர் வாசனை வருதே" என்றாள் தராசு.

"ஆமா. இரும்பு இப்படி வாசனை விடாது." நாத்தனார் ஜன்னலைத் திறந்துவிட்டு, கரைசலில் தண்ணீர் ஊற்றினாள். சிவப்பு மாறிப் பச்சை தட்டியது. உடனே மாவு கரைத்தாற்போல் கலங்கி, அடியில் படியத் தொடங்கியது. "இரும்பா இருந்தா தண்ணி ஊத்தினா வெளுக்கும், அவ்வளவுதான். கலங்காது. இப்படிக் கலங்கினா பிஸ்மத்னு ஒரு உலோகமா இருக்கலாம்னு காலேஜ்ல ஒரு தடவை பண்ணிருக்கோம். அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் பாக்கறேன்."

பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். குவாரியில் அப்போது மிச்சமிருந்த ஸ்டூல் அது ஒன்றுதான். இரண்டு பேருக்கும் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நாத்தனார் எழுந்து, "நீங்க உக்காருங்க அண்ணி" என்றாள்.

"பரவால்ல."

"அன்னிக்கும் இப்படி ஆரஞ்சாத்தான் வந்துச்சு" என்றாள் நாத்தனார். "பாத்தேன். பாக்காம இல்ல. மருந்து பழசாயிருச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன். பதினோரு மணிக்குள்ள வேணும்னாரு. எப்பவும் இரும்புதானே வரும்னு எழுதிட்டேன்."

தராசு கைக்குட்டையை மடித்தாள். "இரும்புன்னு எழுதினது தப்பாப் போச்சு, சரி. யாருக்கும் நடக்கறதுதான். பெல்ட்டைப் பத்தி எழுதினது?"

நாத்தனார் குடுவையையே பார்த்தாள். அடியில் படிவு இறங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒரு நாள் டைம் குடுங்க" என்றாள் கடைசியில்.

அன்று மாலை அவளே கீழே இறங்கி வந்தாள். அண்ணன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்தக் கல்லை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "இது எந்த லோடுல வந்திருக்கும் அண்ணா?" என்று கேட்டாள்.

அவர் கல்லைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து டிரிப் எழுதும் சின்ன நோட்டை எடுத்தார். "காலைல பத்து மணிக்கு முன்னாடியா?"

"ஒன்பதே முக்கால்" என்றாள் தராசு சமையல் கட்டிலிருந்து.

"அப்ப வடக்குப் பக்கம், பாறையைப் படி படியா வெட்டி இறங்கறோமே, அதுல மூணாவது தட்டு. அங்க பாறையில கறுப்பா வாய்க்கால் மாதிரி ஒரு கீறல் ஓடுது. அதுலேர்ந்து மஞ்சளாப் பொடி உதிரும். என் லாரி பின்கதவெல்லாம் மஞ்சளாயிருக்கும், கழுவிக் கழுவி எடுப்பேன்."

"எத்தனை நாளா?"

"அந்தத் தட்டைத் தொறந்து ரெண்டு மாசம் இருக்கும்."

புள்ளி விழத் தொடங்கியும் அதே இரண்டு மாதம்தான். பெண்கள் இருவரும் அவரையே பார்த்தார்கள்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்றாள் மனைவி.

"யாரு கேட்டீங்க? மூணு வாரமா இந்த வீட்டுல 'இன்னும் கொஞ்சம் போடவா'ன்னு மட்டும்தான் என்கிட்ட கேக்கறீங்க."

அன்று அவர் மாடிக்குப் போகவில்லை. தங்கை கீழேயே சாப்பிட்டாள். பேச்சு முழுவதும் எந்தத் தட்டு, எந்த லோடு என்பதிலேயே போனது. தராசு ஒருமுறை தட்டை நகர்த்தி, "இதைப் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் மேடம் விட்டுப்போனது தெரிந்தது. திரும்ப எடுத்து ஒட்டவைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெல்ட் நின்றது. சிவப்புப் பொத்தானை அழுத்தியவள் நாத்தனார். பதினோரு பேரும் திரும்பினார்கள். கையில் காகிதத்தோடு நின்றவளுக்குக் குரல் எப்போதும் சன்னம், அன்று இன்னும் சன்னமாக இருந்தது.

"புது ரிப்போர்ட். மேனேஜர்கிட்ட குடுத்துட்டேன். போர்டுலயும் ஒட்டிட்டேன். ஆனா நானே வந்து வாசிக்கணும்னு தோணிச்சு." வாசித்தாள். "முந்தைய அறிக்கை தவறு. புள்ளிக்குக் காரணம் இரும்பு அல்ல, பிஸ்மத் சேர்ந்த ஒரு கனிமம். அது வடக்கு மூன்றாம் தட்டிலிருந்து மட்டும் வருகிறது. ஈரத்தில் வெள்ளைக்கல்லிலிருந்து அதைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. பெல்ட்டில் குறையில்லை. குறை பரிசோதனையில்."

ஊசி தொண்டையைக் கனைத்தாள். "கடைசி வரியை இன்னொரு தடவை வாசிங்க. எனக்குச் சரியாக் கேக்கல."

நாத்தனார் அதை இன்னொரு தடவை வாசித்தாள். கேட்டதற்காக அல்ல, வாசிக்க வேண்டும் என்று நினைத்ததாலேயே வாசித்தாள் என்று தராசுக்குப் பட்டது. அவளே போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

மத்தியானம் ஸ்டூல்கள் திரும்பி வந்தன. யாரும் அறிவிக்கவில்லை, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இருந்தன. "ஸ்டூலுக்கும் கால் உண்டுங்கறது இப்பத்தான் புரியுது, தானா நடந்து வந்திருக்கே" என்றாள் ஊசி.

மேனேஜருக்குக் கனிமத்தின் மேல் வெறுப்பும் இல்லை, பிரியமும் இல்லை. அந்தத் தட்டுக் கல்லைத் தனியாக ஒதுக்கச் சொன்னார். அடுத்த வாரச் சனிக்கிழமை வெடி வைத்து அந்தப் பகுதியை உடைத்துக் கழிவு மேட்டில் தள்ளிவிடுவது என்று முடிவாயிற்று. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, குவாரி என்றால் அப்படித்தான். ஆனால் நாத்தனார் கல்லின் மறுபாதியைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருந்தாள். அங்கே அவளோடு படித்த தோழி ஒருத்தி கனிமவியல் பேராசிரியையாக இருந்தாள். தோழி பதில் கடிதம் எழுதவில்லை. வெடிக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை காலை முதுகுப்பையோடு நேரிலேயே வந்து இறங்கினாள். குட்டையான உருவம், வேகமான நடை, பை நிறைய பிஸ்கட்.

பரிசோதனைக் கூடத்தில் தராசும் அவள் கணவரும் மேனேஜரும் இருக்க, தோழி ஒரு தாளில் வரைந்து காட்டினாள்.

"நடுவுல இருக்கற உலோகம் பிஸ்மத். அது பாறையோடயே பொறந்தது. அப்புறம் பாறை விரிசல் விட்டு, மழைத்தண்ணியும் காத்தும் உள்ள போயிருக்கு. பக்கத்துப் பாறையில வனேடியம்னு இன்னொரு உலோகம் கொஞ்சூண்டு இருந்திருக்கு, தண்ணி அதைக் கரைச்சுக்கிட்டு வந்திருக்கு. பிஸ்மத்தும் அதுவும் சந்திச்ச இடத்துல புதுசா ஒண்ணு உண்டாச்சு. அதான் இந்த மஞ்சள், இந்தப் பழுப்பு. மொதல்ல பொறக்காம பின்னால உண்டாகறதால இதை இரண்டாம் நிலைக் கனிமம்னு சொல்லுவோம்."

"ரெண்டாந்தாரமா?" என்றார் டிப்பர்காரர்.

"கிட்டத்தட்ட" என்றாள் தோழி, சிரிக்காமல். "இதுல வேடிக்கை என்னன்னா, மஞ்சளும் பழுப்பும் வேற வேற கனிமம். ஆனா ரெண்டுலயும் இருக்கற சரக்கு ஒண்ணுதான், அளவும் ஒண்ணுதான். அமிலத்துல போட்டா வித்தியாசமே தெரியாது. எக்ஸ்ரேயிலதான் தெரியும். ஒரே நூல்ல ஒருத்தர் நெய்யறார், ஒருத்தர் பின்னறார், அந்த மாதிரி. அணுக்கள் அடுக்கியிருக்கற விதம் வேற. மஞ்சளே சுலபமாக் கெடைக்காது. பழுப்பு அதைவிட அபூர்வம். அதுக்குப் பேர் பூக்கரைட்."

"பூக்காரியா?" என்றாள் தராசு.

"பூக்கரைட்."

"பூக்காரின்னே இருக்கட்டும், வாயில நிக்கும்."

மேனேஜர் கேட்க வேண்டியதைக் கேட்டார். "இதால ஏதாவது பிரயோஜனம் உண்டா?"

"பெரிசா இல்ல. இதே சரக்கை மஞ்சள் பெயிண்டுக்காக ஆலையில செஞ்சுக்கறாங்க. மண்ணுலேர்ந்து யாரும் தோண்டறதில்ல, அத்தனை இருக்காது. உலகத்துல எங்க கெடைச்சாலும் துளித்துளியாத்தான். ஆனா நல்ல படிகமா ஒண்ணு கெடைச்சா, இந்தப் பாறைக்குள்ள தண்ணி எப்படி ஓடிச்சு, என்னென்ன கொண்டுவந்துச்சுன்னு படிச்சிரலாம். நான் பாத்ததெல்லாம் நொறுங்கின துணுக்கு. முழுசா ஒண்ணு வேணும்."

மேனேஜர் மேசைமேல் விரலால் தாளம் போட்டார். "நாளைக்கு ஒரு நாள். சனிக்கிழமை பத்து மணிக்கு வெடி. அதை நான் தள்ளிப்போட முடியாது."

வெள்ளிக்கிழமை மேனேஜரைத் தவிர மற்ற நாலு பேரும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மூன்றாம் தட்டுக்குப் போனார்கள். டிப்பர்காரர் சொன்னபடியே வெள்ளைப் பாறையில் கறுப்பாக ஒரு கீறல், ஆள் உயரத்துக்குச் சாய்வாக ஓடியது. அதையொட்டி, பெட்டியில் அடுக்கிய முட்டைபோல் உருண்டைகள் பாறையில் பதிந்திருந்தன. சில சுண்டைக்காய் அளவு, சில முழங்கை முட்டி அளவு. தோழி உளியும் சுத்தியலும் எடுத்தாள். கனமானதாகத் தேர்ந்தெடுத்துப் பெயர்த்தார்கள். உடைத்தார்கள். உள்ளே உலோகமும் சாம்பல் தோலும் மஞ்சள் பொடியும் இருந்தன. பழுப்பு வெறும் கறையாக இருந்தது. மத்தியானத்துக்குள் முப்பது உருண்டை உடைத்தாயிற்று. தோழி தண்ணீர் குடித்துவிட்டுப் பாறை நிழலில் உட்கார்ந்தாள். முகத்தில் வெயிலைவிடச் சோர்வு அதிகம் தெரிந்தது.

தராசு மட்டும் உடைக்காத உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தூக்கிப் பார்த்து, வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? இந்தப் பூக்காரி முழுசா வளரணும்னா அதுக்கு எடம் வேணுமில்ல? நாலு பக்கமும் இறுக்கமா இருந்தா எங்க வளரும்?"

தோழி நிமிர்ந்தாள். "ஆமா. உள்ள பொந்து இருக்கணும்."

"அப்ப காலைலேர்ந்து தப்பான கல்லை உடைச்சிட்டு இருக்கோம். கனக்கறதைப் பூரா எடுத்து உடைக்கறோம். கனக்கறதுன்னா உள்ள நெறைஞ்சிருக்குன்னு அர்த்தம். கனக்க வேண்டியது கனக்காம இருக்கே, அதைத் தேடணும்."

தோழி எழுந்துவந்து அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அதன்பிறகு சுத்தியலுக்கு வேலையில்லை. டிப்பர்காரரும் தோழியும் பெயர்த்துக் கொடுக்க, தராசு கையில் வாங்கினாள். ஒரே அளவுள்ள இரண்டை இரண்டு கையிலும் ஏந்துவாள், கண்ணை மூடுவாள், ஒன்றைக் கீழே வைப்பாள். நாத்தனார் ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டாள். மூன்று மணி வாக்கில் மாங்காய் அளவில் ஒன்று கைக்கு வந்தது. தராசு அதை வாங்கிய கை மேலே எழும்பியது, படிக்கட்டில் இல்லாத ஒரு படியை மிதித்தவள் போல.

"இது" என்றாள்.

அதைச் சுத்தியலால் அடிக்கத் தோழிக்குத் துணிவு வரவில்லை. உளியின் நுனியை வைத்துச் சுற்றிலும் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே வந்தாள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். டக்கென்று ஒரு சத்தம். உருண்டை இரண்டு கிண்ணமாகப் பிரிந்தது.

உள்ளே மஞ்சள் மெத்தை விரித்தாற்போல் இருந்தது. அதன்மேல் பழுப்புச் சிவப்பில் படிகங்கள், ஒன்றுகூட உடையாமல், முனை முனையாக நின்றன. பெரியது ஒரு எள் அளவுதான். வெயில் பட்டதும் அத்தனையும் ஒரே சமயத்தில் மின்னின. பாறைக்குள் வெளிச்சமே பார்க்காமல் இத்தனை காலம் அப்படியே நின்றிருக்கின்றன என்று நாத்தனாருக்குத் தோன்றியது. தோழி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க வேண்டியது கண்ணாடியை அல்ல.

"எத்தனை வருஷமா இதைத் தேடறே?" என்று நாத்தனார் கேட்டாள்.

"தேடவே இல்ல. இதெல்லாம் எனக்குக் கெடைக்கும்னு நெனச்சதே இல்ல."

சனிக்கிழமை பத்து மணிக்குச் சங்கு ஊதியது. எல்லோரும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றார்கள். மூன்றாம் தட்டு ஒருமுறை குலுங்கி, வெள்ளைப் புழுதியாக எழுந்து அடங்கியது. கீறல் இருந்த இடத்தில் வெறும் கற்குவியல். டிப்பர்காரர் அதைக் கழிவு மேட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த மாதம் தொழிற்சாலையிலிருந்து வந்த கடிதத்தில், புள்ளி நின்றுவிட்டது என்று ஒரே வரி இருந்தது. மேனேஜர் மேசைமேல் இருந்த பேசின் துண்டை எடுத்துக் காகிதத்துக்குப் பாரமாக வைத்துக்கொண்டார்.

தோழி ஒரு கிண்ணத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப் போனாள். மற்றதைக் குவாரியிலேயே விட்டுவிட்டுப் போனாள். அவள் ஊருக்குக் கிளம்பிய சனிக்கிழமையே, வெடிப் புழுதி அடங்கிய பிறகு, நாத்தனார் பழைய மைக்ராஸ்கோப்பை ஜன்னல் ஓரமாக நகர்த்தி அதன் அடியில் கிண்ணத்தை வைத்துவிட்டு, பெல்ட்டுக்குச் சொல்லி அனுப்பினாள். பதினோரு பேரும் வரிசையில் வந்து நின்றார்கள். கை கழுவிவிட்டு வந்திருந்தார்கள், எதையும் தொடப் போவதில்லை என்றாலும்.

ஒருத்தி பார்த்துவிட்டு, "தேன் உறைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். இன்னொருத்தி, "மலையெல்லாம் தெரியுது, மலைக்கு மேல வெயில் அடிக்குது" என்றாள். வேறொருத்தி பார்த்துவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள். ஊசி ஒரு கண்ணை வைத்தவள் எடுப்பதாக இல்லை. பின்னால் நின்றவள் தோளைத் தட்டினாள்.

"இரு. எனக்கு எட்டு வருஷம் கல் பொறுக்கின பாக்கி இருக்கு" என்றாள் ஊசி. "தினமும் இத்தனை கல்லைப் பாக்கறோம், ஒண்ணாவது உள்ள என்ன இருக்குன்னு காட்டிச்சா?"

தராசின் முறை வந்தது. அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். அப்போதும் இருட்டுதான். கையில் வாங்கிச் சொல்கிறவளுக்குக் குழாய் வழியே பார்ப்பது பழக்கமில்லை. எந்தக் கண்ணை மூடுவது என்றே தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றி மூடிக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் பின்னாலிருந்து வந்து, அண்ணியின் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள். மறுகையால் மைக்ராஸ்கோப்பின் திருகை மெல்லத் திருப்பினாள்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

தராசின் தோள்கள் தளர்ந்ததிலிருந்து, படிகம் தெரிந்துவிட்டது என்று நாத்தனாருக்குப் புரிந்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். வெளியே டிப்பர் ஒன்று கல் கொட்டும் சத்தம் கேட்டது.

"ஏய்" என்றாள் தராசு, கண்ணை எடுக்காமலே. "இதுக்குப் பக்கத்துல சின்னதா இன்னொண்ணு நிக்குதே, அதை நீ பாத்தியா?"

"இல்லையே. எங்க?"

"வா, வந்து பாரு" என்று அவள் நகர்ந்து இடம் விட்டாள்.